கேமராவுக்குக் கால் வாங்கினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

சாவோ பாவ்லோவிலிருந்து ருஃபீனா. நான் நலம். எல் ஆல்ட்டோ குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தை விடாமல் தேயுங்கள்.

ஜனவரி அலாசித்தா சந்தையில் எனக்காக ஒரு பொம்மைக் கேமரா வாங்கி, அங்கே பொம்மையாக வாங்குவது நிஜமாகக் கிடைக்கும் என்று உச்சிப்பொழுதில் சாம்பிராணி காட்டினீர்களே, அது பலித்துவிட்டது. நிஜக் கேமராவே வாங்கிவிட்டேன். ஆனால் அனுப்பும் படங்களில் "நீ எங்கேடி" என்று திட்டினீர்கள். அதனால் போன ஞாயிறு ட்ரைபாட் வாங்கப் போனேன்.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று ஆளுயரம், தொட்டாலே ஆடியது. மற்றது இடுப்பளவு, நல்ல கனம்.

"உயரத்தைப் பார்த்து மயங்காதீங்கம்மா. ஆமா, கூட இருக்கிறவங்க யாரையாவது எடுக்கச் சொன்னா ஆகாதா?"

"குட்டையையே குடுங்க" என்றேன்.

காற்றில் சாயாமலிருக்க அடியிலுள்ள கொக்கியில் ஏதாவது பையை மாட்டச் சொன்னார். மொட்டைமாடியில் வைத்து, நீங்கள் அனுப்பிய சூன்யோப் பையை மாட்டினேன். காய்ந்த உருளைக்கிழங்குக்கு ஏது கனம்? மூன்று காலும் வானத்தைப் பார்த்தன. கேமராவுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள். அப்புறம் அரிசிப் பையை மாட்டினேன்.

பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் நிற்கப் பத்து நொடி. படம் தெளிவாகத்தான் இருக்கிறது. முகத்தில்தான் ஒன்றுமே இல்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

சூன்யோ தீரப்போகிறது, இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள். தையல்கூடத்தில் மணி அடித்துவிட்டது, போகணும்.

வருகிற அலாசித்தாவில் எனக்கு வீடு, கார் எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை வரணும் என்று சேவல் பொம்மையும் வாங்கிவிடாதீர்கள். சும்மா ஒரு ஆள் பொம்மை கிடைத்தால் வாங்குங்கள். என் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று "சிரிடி" என்று சொன்னால் போதும்.

ருஃபீனா