வேற மாத்திரை எதுவும் இல்ல

ஜனவரி 3, வெள்ளி

வெள்ளிமலை வண்டி ஆறு பத்துக்குப் புறப்பட வேண்டும். ஆறு இருபத்தைந்துக்கு அதன் டிரைவர் டீக்கடையில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். மைக்கில் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை கை ஆட்டினார், ஏதோ நான் அவருக்கு டாட்டா சொன்ன மாதிரி. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நேரம் என்று ஒன்று இருப்பதாக நம்புகிற ஒரே ஆள் நான்தான். அதனால்தான் என்னை டைம் கீப்பராக்கிக் கூண்டுக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

அந்த வண்டியின் கண்டக்டர் தங்கதுரை. கருணாபுரத்துக்காரன். அவன் தெருவில் அத்தனை பேர் விஷச்சாராயத்தில் செத்தார்கள், இவனும் பாடை தூக்கினான், தூக்கிய தோள் வலிக்குக் குடித்தான். போன செப்டம்பரில் ஒருநாள் காலையிலேயே நாற்றத்தோடு டூட்டிக்கு வந்தான். எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் சஸ்பெண்ட். இன்னமும் என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறான். ரோஷம்கூட இல்லை.

எட்டு மணிக்கு மாத்திரை இரண்டு. இரவு எட்டுக்கு இரண்டு. ஆறு வருடமாக ஒரு வேளை தவறியதில்லை, ஆறு வருடமாக வலிப்பும் வந்ததில்லை. ஆபீசில் யாருக்கும் தெரியாது. முதுகுவலிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் உச்சுக் கொட்டுவார்கள். இந்தக் கூட்டத்திடம் உச்சு வாங்கிக்கொண்டு உயிர் வாழ வேண்டுமா?

ஜனவரி 7, செவ்வாய்

உளுந்தூர்பேட்டை வண்டி இன்று நேரத்துக்குப் போனது. தவறுதலாக நடந்திருக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் நாள். வரிசையில் ஒன்றரை மணி நேரம். எனக்கு முன்னால் நின்றவருக்குத் தன் மாத்திரையின் பெயர் தெரியாது. “அந்த மஞ்சா மாத்திர” என்றார். இவர்களையெல்லாம் எது உயிரோடு வைத்திருக்கிறதோ.

கவுண்டரில் செந்தமிழ்ச்செல்வி. மாதாமாதம் அதே பாட்டு. “வேற எங்க வைத்தியம் பாத்தாலும் இந்த நோட்டக் காட்டுங்க. சளி இருமலுக்குப் போனாகூட காட்டுங்க. மறந்துடாதீங்க சார்.” யாருக்குப் பாடம் நடத்துகிறாள்? நான் என்ன மஞ்சள் மாத்திரைக்காரனா? நோட்டைப் பிடுங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் சிறப்பு வண்டிகளுக்கு நேரம் பார்க்க என்னை வெள்ளிமலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து நாள். பனியில் எதிரே நிற்கிற வண்டியின் போர்டே தெரியவில்லை. திருப்பூரிலும் கேரளாவிலும் வேலை செய்கிறவர்கள் மூட்டைகளோடு வந்து இறங்குகிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வி. “சார், திரும்பிப் போற வண்டி எப்ப?” இன்னும் வீட்டுக்கே போகவில்லை, அதற்குள்.

இருமல் பிடித்துக்கொண்டது.

ஜனவரி 16, வியாழன்

இருமி இருமி விலா நோகிறது. மைக்கில் பேசவே முடியவில்லை. தங்கதுரைதான் வந்து நின்றான். “சார், இப்டியே இருமிக்கினு இருந்தா நெஞ்சு கட்டிக்கும். மேல ஒரு கிளினிக் இருக்குது, டாக்டரம்மா நல்லா பாப்பாங்க, வாங்க.” வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டு அவனும் ஏறிக்கொண்டான். இன்றைக்கு அவன்மேல் நாற்றம் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

டாக்டர் சின்னப் பெண். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். சளி இறங்கியிருக்கிறது, ஆன்டிபயாடிக் ஐந்து நாள் என்றாள். பிறகு கேட்டாள்: “வேற ஏதாவது மாத்திரை ரெகுலரா சாப்டறீங்களா?”

தங்கதுரை பக்கத்திலேயே நின்றான். என் பையைக் கையில் வைத்துக்கொண்டு.

“வேற மாத்திரை எதுவும் இல்ல” என்றேன்.

ஜனவரி 18, சனி

ஊர் திரும்பியாயிற்று. இருமல் பரவாயில்லை. மலை இறங்கின கிறுகிறுப்பு இன்னும் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டு இரண்டாகத் தெரிந்தது. ஆண்டாளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அண்ணனுக்குப் போன் செய்வாள், அவன் யாரோ வேர் கட்டுகிறவனைக் கூட்டிக்கொண்டு வருவான். என் மனைவியின் குடும்பத்தில் புத்தியைக் கம்மியாகத்தான் பங்கு வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 20, திங்கள்

எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன்.

காலை ஏழரை. சேலம் வண்டியின் இடத்தில் இன்னொருவன் நிறுத்தியிருந்தான். திட்டுவதற்காகக் கூண்டிலிருந்து இறங்கினேன். கால் தரையில் பாவவில்லை. நேராக வைத்த கால் பக்கவாட்டில் போனது. இரண்டு பஸ் தெரிந்தது, எது நிஜம் என்று புரியாமல் இல்லாத பஸ்ஸைத் தட்டப் போய் விழுந்தேன். எழுந்து, “வண்டிய எடு” என்றேன். நாக்கு தடித்து வேறு என்னவோ வந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். ஒரு அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். “காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு.”

என்னை. என்னைப் போய்! கள்ளு வாடைகூடத் தெரியாத என்னை!

கிளை மேலாளர் காசிநாதன் வந்தார். ஊதச் சொன்னார். ஊதினேன். ஜீரோ. ஜீரோவைப் பார்த்த பிறகும் அவர் முகம் மாறவில்லை. “ஜீரோதான் காட்டுது. ஆனா இப்பல்லாம் வேற எதையெதையோ போட்டுக்கினு வர்றாங்க, அது இதுல தெரியாது” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். பத்து நாளில் விளக்கம் கேட்டு மெமோ. என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். டிரைவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடியது இன்றுதான்.

ஜனவரி 21, செவ்வாய்

படுத்துக்கொண்டே யோசித்தேன். இருமல் மாத்திரை நேற்றோடு தீர்ந்தது. அது வெறும் இருமலுக்கு. ஆறு வருடமாக உள்ளே போய்க்கொண்டிருப்பது எது? வலிப்பு மாத்திரை. அதுதான் சேர்ந்து சேர்ந்து இப்போது வேலையைக் காட்டுகிறது. ஆறு வருடமாக வலிப்பே இல்லை என்றால் நோய் எப்போதோ போய்விட்டது என்றுதானே அர்த்தம்? எந்த டாக்டராவது அதை வாய் திறந்து சொல்வானா?

காலையில் போடவில்லை. இரவும் போடவில்லை.

ஜனவரி 22, புதன்

தலை தெளிந்துவிட்டது. தட்டு ஒன்றுதான். நான் சொன்னதுதான் சரி. ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எல்லாம் எதற்குப் படித்தார்கள்?

ஜனவரி 25, சனி

எழுத்து கோணலாக வருகிறது. நாக்கின் ஓரம் கிழிந்திருக்கிறது. கஞ்சிதான்.

வியாழக்கிழமை காலை, பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கு அடியில் ஆண்டாளின் மடித்த புடவை. வேட்டி ஈரம். அவள் அழவில்லை. கையில் போனை வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு நிமிசம் பத்து செகண்டு” என்றாள். இவளுக்கு நேரம் பார்க்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அப்புறம் உள்ளே போய் என் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். எண்ணினாள். “நாலு வேள மாத்திர அப்டியே கீது. இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க?” இருமல் மாத்திரையின் காலி அட்டையையும் அவளே தேடி எடுத்தாள். இரண்டையும் மஞ்சப்பையில் போட்டாள். “கெளம்புங்க.”

செந்தமிழ்ச்செல்வி இரண்டு அட்டையையும் ஒரே பார்வைதான் பார்த்தாள். கவுண்டரை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு எங்களை நேராக டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் சொன்னது: அந்த ஆன்டிபயாடிக், வலிப்பு மாத்திரையை உடம்பிலிருந்து கழியவிடாமல் தேக்கிவிடும். நான் போட்டது இரண்டு, உள்ளே நின்றது நாலு மாதிரி. தள்ளாடியதும் நாக்கு தடித்ததும் அதனால். அப்போதே ஓடி வந்திருந்தால் அளவைச் சரிபார்த்து மருந்தை மாற்றியிருப்பார்களாம். நான் என்ன செய்தேன்? நானாகவே ஒரேயடியாக நிறுத்தினேன். “மொதல் தப்பவிட இது பெரிய தப்பு. விடாம வலிப்பு வந்துகினே இருந்திருந்தா உயிருக்கே ஆபத்து. தெரியுமா?”

வெளியே வந்து ஆண்டாள் கேட்டாள். “அந்த மலைல டாக்டரம்மா கேக்கலியா, வேற மாத்திர சாப்டறீங்களான்னு?”

“கேட்டாங்க.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“தங்கதுரை பக்கத்துல இருந்தான்.”

“அவன் இருந்தா இன்னா? மாத்திரய அவனா முழுங்கறான்?”

இருபது வருடமாக இவளை மடச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மடையன் யார்? நான். நான்தான். அந்த மஞ்சள் மாத்திரைக்காரனாவது நிறத்தை ஒளிக்காமல் சொன்னான்.

ஜனவரி 27, திங்கள்

டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். மருந்தோடு மருந்து சேர்ந்ததால் வந்த தள்ளாட்டம், போதை அல்ல என்று. ஆனால் முதல் வரியிலேயே இருக்கிறது: ‘இவர் ஆறு ஆண்டுகளாக வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார்.’

கொடுத்தால் வலிப்புக்காரன். கொடுக்காவிட்டால் குடிகாரன். எது மேல்? வெட்கமில்லாமல் இதை நாள் முழுக்க யோசித்தேன். குடிகாரனாக இருந்தால் பாதி டிப்போ துணைக்கு இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

ஜனவரி 29, புதன்

கொடுத்துவிட்டேன். காசிநாதன் இரண்டு முறை படித்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அரங்கநாதன்” என்றார். உச்சுக் கொட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். தங்கதுரை போன வாரமே எழுதிக் கொடுத்திருக்கிறான். ‘டைம் கீப்பர் சார் குடிக்கிறவர் இல்லை. வெள்ளிமலையில் நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை.’ நாலு வரியில் ஏழு பிழை.

என்னைக் காப்பாற்ற இவன்தான் கிடைத்தானா?

பிப்ரவரி 1, சனி

மதியத்துக்குள் நிலையம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பரிதாபத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். வந்ததெல்லாம் ஆலோசனை. டீக்கடைக்காரர் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து மைக் பக்கத்தில் வைத்தார், வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். எடுத்துப் போகச் சொன்னேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கூண்டில் ஒட்டினேன்: ‘எனக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கையில் இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்கவும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்கள் தள்ளி நிற்கவும்.’

பிப்ரவரி 4, செவ்வாய்

வெள்ளிமலை வண்டி வந்து நின்றது. தங்கதுரை கையெழுத்துக்கு வந்தான். நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக நாலு மாதமாக, இல்லை, பதினைந்து நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நான் குடிக்காமலே தள்ளாடினவன். ஊதச் சொல்லாமலே இவனைப் பற்றி எழுதிக் கொடுத்தவன்.

“செப்டம்பர்ல நான் எழுதிக் குடுத்தனே. அன்னைக்கு நெஜமா குடிச்சிருந்தியா?”

“குடிச்சிருந்தேன் சார். அதுல இன்னா சந்தேகம்?”

அப்பாடா என்று இருந்தது. ஒரு நிமிடம்தான். அவன் கூண்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அதுக்கு முன்ன மூணு நாளு நிறுத்திப் பாத்தேன் சார். நானா. கையெல்லாம் ஆடுச்சி. மூணாவது நாளு வூட்லயே வுழுந்துட்டேன், கண்ணு சொருவி, நாக்கக் கடிச்சிக்கினு... இதுல எழுதிக்கீற வலிப்பு மாதிரியே. பயந்துட்டேன். மறுநாளு காலைல ஊத்திக்கினுதான் டூட்டிக்கு வந்தேன். ஆட்டம் நின்னுச்சி, நீங்க புடிச்சிட்டீங்க.” பிறகு மெதுவாக, “இதுக்கும் மாத்திர கீதா சார்?”

கீது. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கச் சொன்னேன். ஒன்பது என்றால் ஒன்பது. குடித்துவிட்டு வந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன் என்று மிரட்டினேன். சரி சார் என்று போனான்.

வீட்டுக்கு வந்து எட்டு மணி மாத்திரையைப் போடும்போதுதான் உறைத்தது. இந்த முட்டாள் என் பேச்சைக் கேட்டு இன்றைக்கே குடியை அடியோடு நிறுத்திவிடுவான். நிறுத்தினால் விழுவான். ஆண்டாளிடம் அவன் நம்பர் இருந்தது, எப்படி என்று கேட்கவில்லை. போன் செய்தேன்.

“தங்கதுரை, டாக்டர் பாக்கற வரைக்கும் நீயா எதையும் ஒரேயடியா நிறுத்தாத” என்றேன். “கொஞ்சமா... கொஞ்சமா போட்டுக்கினே வா.”