மெம்பரே தானா நிறுத்திக்கலாம்

லப்பைக்குடிக்காடு
12.6.2006

ஊருச் சேதி காட்டுற வெப்சைட்டப் பத்தித்தான் போன்ல சொல்ல வந்தேங்க, நீங்க அதுக்குள்ள போன வச்சிட்டீங்க. அஸ்ஸலாமு அலைக்கும், அஃப்ஷான் அத்தா. அல்லாஹ் கிருபையால நானும் நம்ம மவ அஃப்ஷானும் சொகம். உங்க சொகத்துக்கு அஞ்சு வேளையும் துஆ செய்றேன்.

பள்ளிவாசலுக்குப் புது மினாரா கட்டுறாங்கன்னு ஆரமிச்சா, "தெரியும், படம் பாத்துட்டேன்"ங்கிறீங்க. செல்லமுத்து மாடு கெணத்துல வுழுந்ததச் சொன்னா, "அது திங்கக்கெழமையே வந்துருச்சே"ங்கிறீங்க. முன்னல்லாம் "அப்புறம் சாகிரா, அப்புறம்"னு கேப்பீங்க. எல்லாம் என் அண்ணன் மவன் அல்தாப் பெரம்பலூர்ல நடத்துற வெப்சைட்டால வந்தது. ஊருச் சேதியெல்லாம் படத்தோட போடுறான், நீங்க ஷார்ஜாவுல காசு கட்டிப் பாக்குறீங்க. ஒரு பொம்பளகிட்ட இப்புடி ஒக்காந்து கதை கேட்டீங்கன்னாகூட நேரா போயி நாலு வார்த்த கேட்டுருவேன். கம்ப்யூட்டர் பொட்டிகிட்ட என்னத்தக் கேக்க?

நேத்து பஸ் ஏறி அவன் ஆபீசுக்கே போயிட்டேன். "மாமாவோடத நிறுத்திடுடா, கேட்டா மிஷினு கோளாறுன்னு சொல்லிக்க"ன்னேன். சிரிக்கிறான்.

"மாமி, முன்னன்னா நாங்கதான் நிறுத்துவோம். வேணாம்னு சொல்லியும் கார்டுலேர்ந்து மாசாமாசம் தானா போவுதுன்னு சனங்க போன்லயே திட்டுனாங்க. அதான் மெம்பரே தானா நிறுத்திக்க பட்டன் வச்சிட்டேன். இனி நான் கை வைக்கக் கூடாது. மாமாதான் அமுக்கணும்."

பொய் சொல்லச் சொன்னதுக்கு அங்கயே அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டு தவ்பா செஞ்சிட்டேன். ஆனா மனசு ஆறல. பட்டன் இல்லாட்டி உங்க மேல கொறையில்ல. இப்ப உங்க வெரலுல இருக்கு. அமுக்குங்க. இல்லாட்டி நான் எழுதறத நிறுத்திக்கிறேன். எனக்குப் பட்டனெல்லாம் வேணாம், பேனாவ மூடி வச்சாப் போதும்.

சாகிரா


ஷார்ஜா
28.6.2006

சாகிராவுக்கு சலாம்.

அமுக்கத்தான் போனேன். "சேவையை நிறுத்த விரும்புகிறீர்களா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "பழைய படங்களை இனிப் பார்க்க இயலாது. உறுதிதானா?"ன்னுச்சு. கை நின்னு போச்சு.

பிப்ரவரி மாசத்துல ரேஷன் கடை வரிசைன்னு ஒரு படம் போட்டிருக்கான். அதுல நீ நிக்கிறே. மொகம் தெரியல, முதுகுதான். போன வாட்டி நான் வாங்கியாந்த பச்சப் பூப்போட்ட துப்பட்டி எனக்குத் தெரியாதா? உன்னப் பாத்து மூணு வருஷமாச்சு. இங்க நான் வேல பாக்குற கடையப் பூட்டுறதுக்கு முன்ன தெனம் ஒருவாட்டி அதத் தொறந்து பாப்பேன். நான் காசு கட்டுறது மினாராவுக்கும் மாட்டுக்கும் இல்ல.

இதப் போன்ல எப்புடிச் சொல்றது? அந்தப் பக்கம் அம்மா நிக்கிறாங்க, தம்பி நிக்கிறான். நீ வேணாம்னா அமுக்கிடறேன். எழுதறத மட்டும் நிறுத்திடாத.

காதர் பாட்சா


லப்பைக்குடிக்காடு
11.7.2006

அஃப்ஷான் அத்தாவுக்கு சலாம்.

லுஹர் தொழுதுட்டு லட்டர மூணு வாட்டி படிச்சேன். அஃப்ஷான் கேட்டா, பர்தா துணி பத்தி எழுதியிருக்காங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கும் ஒரு தவ்பா.

அமுக்கிடாதீங்க. இருந்துட்டுப் போவட்டும். ஊருச் சேதியெல்லாம் அதுலயே பாத்துக்கிடுங்க, நான் நம்ம வூட்டுச் சேதி மட்டும் எழுதுறேன். ஒண்ணு மட்டும், வரிசையில எனக்கு முன்னால பின்னால நிக்கிறவளுவளப் பாக்காதீங்க. என்னயப் பாத்தமா, மூடுனமான்னு இருங்க.

இந்த வயசுல என் முதுகுல என்ன இருக்குன்னு எனக்கே பாக்கணும்போல இருக்கு. நாளான்னிக்கு அல்தாப் ஆபீசுக்குப் போறேன், அந்தப் படத்தக் காட்டுறேன்னு சொல்லியிருக்கான்.

உங்க சாகிரா

பிப்ரவரின்னா எழுதியிருக்கீங்க? இப்பத்தான் ஞாவகம் வருது. அந்த மாசம் பூரா நான் கால் சுளுக்கி குன்னத்துல அக்கா வூட்ல கெடந்தேன். ரேஷனுக்குப் போனது உங்க தம்பி பொண்டாட்டி மைமூன். என் துப்பட்டியப் போத்திக்கிட்டு.