ஒன்பது விநாடியில் நாலு மூட்டை

என் பிரியமான மாமாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் தொடர்கதைகளைப் போட்டுவந்த வாரப் பத்திரிகையிலிருந்து, உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். விமானப்படையில் பைலட்டாக இருந்தவர், சண்டைக்காலத்து விமானக் கதைகளை எழுதியவர், இரண்டு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதியவர், என் அக்காவின் கணவர் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். டிப்போவில் பஸ்ஸுக்கு ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டு நிலவரம். செங்கம் ரோட்டு வீட்டில் அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். எங்களோடு வந்து இரு என்றால் கேட்பதில்லை. மாடி அறையை ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு விட்டிருக்கிறாள். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அப்படி என்ன பேசறீங்க என்று கேட்டால், உனக்கு எதுக்குடா அதெல்லாம் என்கிறாள். இந்த வருஷம் மழை ஜாஸ்தி. எனக்கு டிப்போவில் அதே வேலை, அதே கோபம்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் என்னிடம் கொடுப்பீர்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன், அவ்வளவுதான். விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் எடையும் நேரமும் எண்ணெயும் பஸ்ஸுக்கு ஒரு மாதிரி, விமானத்துக்கு ஒரு மாதிரியா வேலை செய்யும்? சிவப்புப் பென்சிலால் சுழித்துக் கொடுப்பேன். சிரித்துக்கொண்டே திருத்துவீர்கள். "என் மச்சான் கிட்ட பாஸ் ஆயிட்டா ஏர் மார்ஷல் கிட்டயே பாஸ் ஆன மாதிரி" என்று அக்காவிடம் சொல்வீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் திருத்தியதே இல்லை.

உங்கள் கதைகளில் திரும்பத் திரும்ப ஒரு காட்சி வரும். மலைப் பள்ளத்தாக்கில் காவல் சாவடி, அங்கே பட்டினி கிடக்கும் சிப்பாய்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே சரக்கு விமானம் தாழ்வாகப் பறக்கும். பைலட் மணி அடித்ததும், பின்பக்கக் கதவருகே நிற்பவன் அரிசி மூட்டைகளைக் கீழே தள்ளுவான். எட்டு மூட்டையும் ஒரே சுற்றில் இறங்கிவிடும். விமானம் பத்திரமாகத் திரும்பும். தள்ளினவன் இறங்கி வந்து டீ குடிப்பான்.

அந்தப் பள்ளத்தாக்கைக் கடக்க ஒன்பது விநாடி என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். ஒரு ஆள், ஒன்பது விநாடியில், எட்டு மூட்டையா? ஒவ்வொரு தடவையும் நான் சுழிப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் அப்படியே அனுப்பிவிடுவீர்கள். மூன்றாவது சினிமாவுக்கு எழுதும்போதும் அதே காட்சி வந்தது. அக்கா எதிரிலேயே, "இது சுத்தக் கப்சா மாமா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் உங்கள் முகம் சுருங்கி முதல் தடவையாகப் பார்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். நான் எதைத்தான் விட்டிருக்கிறேன்?

கீழ்பென்னாத்தூரில் அப்பா கடலை பிடுங்கி மூட்டை கட்டி வைத்திருந்த சமயம் அது. உங்களை வம்பாக அழைத்துக்கொண்டு போனேன். டிராக்டர் டிரெய்லரில் எட்டு மூட்டை ஏற்றினேன். விமானத்தில் எப்படி அடுக்குவார்கள் என்று கேட்டேன். நாலு கதவோரம், நாலு உள்ளே தள்ளி என்றீர்கள். அப்படியே அடுக்கினேன். அரிசி மூட்டையைவிடக் கடலை மூட்டை எடை கம்மிதான். உங்களுக்குச் சாதகமாகவே இருக்கட்டும் என்று விட்டேன். ஸ்டாப்வாட்சை உங்கள் கையில் கொடுத்தேன்.

கூட வந்திருந்த அக்கா கிணற்றடியிலிருந்து வந்தாள். "ரெண்டு பேருக்கும் கிறுக்கு புடிச்சிருச்சா? மல்லாட்ட மூட்ட கிழிஞ்சா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? ஒருத்தரு பைலட்டாம், ஒருத்தரு இன்ஜினியராம்" என்று திட்டிவிட்டுப் போனாள். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு மணிக்குப் பதிலாக ஒரு விசில் அடித்தீர்கள்.

ஒன்பது விநாடியில் நாலு மூட்டை. மூச்சு வாங்க டிரெய்லர் மேலேயே நின்று, ஜெயித்தவன் மாதிரி சொன்னேன்: "இன்னும் நாலு உள்ளயே கெடக்கு பாருங்க. ரெண்டாவது சுத்து போயே ஆகணும் மாமா. வேற வழியே இல்ல."

நீங்கள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"போனேன் மச்சான்" என்றீர்கள். "ரெண்டாவது சுத்து போனேன்."

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம். உங்களுக்கு அப்போது இருபத்து நாலு வயசு. பின்னால் மூட்டை தள்ள இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டான். மற்றவன் தனியாகத் தள்ளினான். முதல் சுற்றில் நாலுதான் போனது. மலை மேல் மேகம் மூடிக்கொண்டு வந்தது. இருந்தும் இன்னொரு சுற்று போனீர்கள். நிறுத்து என்று மணி அடித்த பிறகுதான் விமானத்தைத் திருப்ப வேண்டும். "நான் திருப்பிட்டு அடிச்சேன்" என்றீர்கள். கடைசி மூட்டையோடு அவனும் போய்விட்டான்.

அதற்கு நான் என்ன கேட்டேன் தெரியுமா? உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"பெல்ட் போடலையா?"

"போட்டிருந்தான். ஒரு முனை விமானத்துல கட்டியிருக்கும். மொத நாலு மூட்டைக்கு எட்டுச்சு. மத்தது உள்ள தள்ளி இருந்துச்சு. கழட்டிட்டான்."

"பெல்ட் எத்தனை அடி?"

என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "ஆறு."

"அப்ப டிசைன் தப்பு மாமா. உங்க தப்பு இல்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். "சரி மச்சான்" என்று எழுந்தீர்கள். கீழே விழுந்த மூட்டைகளை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மறுபடி ஏற்றினோம். திரும்புகிற பஸ்ஸில் மழையைப் பற்றிப் பேசினோம்.

மூன்று மாதம் கழித்து, காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டீர்கள். டிப்போவுக்குப் போன் வந்தபோது நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். கிரீஸ் கையோடு ஓடி வந்தேன். உங்களைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவிக்கொண்டு வாடா என்று யாரோ அதட்டினார்கள். கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன், உங்கள் கை ஜில்லென்று ஆகியிருந்தது.

போன மாதம் மெட்ராஸிலிருந்து டைரக்டரின் உதவியாளர் உங்கள் திரைக்கதையோடு வந்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அந்த மூன்று மாதத்தில் நீங்கள் இரண்டாவது சுற்றை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மேகம், வாந்தி, திருப்பிவிட்டு அடித்த மணி, எல்லாம் இருந்தது. பிரமாதமாக எழுதியிருக்கிறார், ஆனால் கதாநாயகன் இப்படி ஒரு தப்புப் பண்ணினால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்றார் அவர். கதைகளில் வந்த மாதிரி ஒரே சுற்றாக மாற்றிக்கொள்ள வீட்டார் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். அக்கா உடனே பேனாவைத் தேடினாள். ஒரே சுற்றில் முடியாது, போடாதே என்றேன். யோசித்து வையுங்கள், பிறகு வருகிறேன் என்று திரைக்கதையை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா திரும்பினாள். "செத்த மனுஷன் கிட்ட கூட தப்பு கண்டுபுடிச்சாத்தான் உனக்குத் தூக்கம் வருமா?"

சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை, மாமா. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னீர்கள்? அவள் அழவில்லை. "அதான் ரயில்ல எவனாவது கதவாண்ட நின்னா உள்ள வாடான்னு சண்டை போடுவாரு" என்றாள். அப்புறம் கேட்டாள்:

"அந்தப் பையன் பேரு என்னடா?"

எனக்குத் தெரியவில்லை.

திரைக்கதையை வாங்கிப் புரட்டினேன். கதவருகே நின்றவன் என்றுதான் எல்லாப் பக்கத்திலும் எழுதியிருக்கிறீர்கள். டீக்கடை நாய்க்குக்கூடப் பேர் வைக்கிற ஆள் நீங்கள். பழைய கதைகளை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் அவனுக்கு ஒரு பேர். எது நிஜம்? ஒன்றாவது நிஜமா? கேட்டிருந்தால் அந்த வாய்க்கால் கரையிலேயே சொல்லியிருப்பீர்கள். கேட்பேன் என்று காத்திருந்தீர்களா? நான் பெல்ட் எத்தனை அடி என்று கேட்டேன்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேர் தெரியட்டும், அவங்க வீட்டுல கேட்டுட்டு அப்புறம் பார்க்கலாம் என்கிறாள். மெட்ராஸ்காரர் இரண்டு கடிதம் போட்டுவிட்டார். படம் நின்றுபோனாலும் போகலாம். உங்கள் டைரியில் இருந்த விமானப்படை நண்பர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒருவர்தான் இதுவரை பதில் போட்டார். அந்த வருஷம் நிறையப் பேர் போனார்கள் தம்பி, ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

எத்தனை வருஷம் ஆனாலும் அந்தப் பேரைக் கண்டுபிடிப்பேன், மாமா. அவன் வீட்டுக்கு நானே போவேன். என்ன நடந்தது என்று அவர்கள் கேட்டால், நீங்கள் மணி அடிப்பதற்கு முன்னால் திருப்பிவிட்டீர்கள் என்று சொல்வேன். உங்கள் தப்பு இல்லை என்று இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன்.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட உங்கள் மச்சினன்,
சேகர்