கோட்டைக் காவலாளி

அன்புள்ளவருக்கு,

காலையில் முதல் வேலையாக வைஷாலிக்குத் தலை பின்னிவிட்டு, திக்குவாய்ப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். அங்கே ரஞ்ஜிதா மேடம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேஷம் கொடுத்து, ஒரு கதைக்குள் விளையாட விடுகிறார். பெற்றோரும் சேர வேண்டும். நம் பெண் கோட்டைக் காவலாளி. நான் வளையல் வியாபாரி.

“யாரு நீ?”

“அம்மாதான்டி” என்றுவிட்டேன்.

“அம்மால்லாம் இங்க கிடையாது. என்ன வியாபாரம், சொல்லு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

“வளையல் விக்க வந்தேங்க சாமி, கதவத் தொறங்க.”

“தொறக்கறேன். உள்ள இருக்கற யாரையும் வெளிய போன்னு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

அன்றைக்கு ராத்திரி நான் உங்களை வெளியே போகச் சொன்னபோது அவள் தூங்கிவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

விளையாட்டுதானே என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சத்தியம் செய்தேன். கதவைத் திறந்துவிட்டாள். திரும்பும்போது மண்டி மொஹல்லா கடைத்தெரு நெரிசலில் ஆட்டோ நின்றது. “கா... காவலாளி நல்லா இருந்துதாம்மா?” என்று கேட்டாள். பின்னலைச் சரிசெய்துவிட்டு, “ரொம்ப நல்லா இருந்துது” என்றேன்.

இன்னும் அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமராஜநகரில் உங்கள் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன், உங்களை அழைத்துக்கொண்டு போக.

உங்கள் மனைவி