மூன்று நிமிடக் குரல்

அன்பிற்குரிய என் மனைவிக்கு,

மின்தூக்கிகளைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் பணியில் இருப்பவனும், இருபத்து நான்கு ஆண்டுகளாக உன் கணவனாக இருப்பவனுமாகிய நான் எழுதுவது. கடந்த பன்னிரண்டு நாட்களாக உன் அழைப்புகளை நான் எடுக்காததற்கான காரணத்தைத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். நீ விசாரித்தபோதெல்லாம் ‘நலம், வேலை அதிகம்’ என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். முதற்சொல் ஓரளவு உண்மை. மற்றது முழுப் பொய். எழுத்தில் பொய் சொன்னவன் எழுத்திலேயே திருத்துவதுதான் முறை.

விஷயம் மாப்பிள்ளையைப் பற்றியது. பெண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் ஏறி அமர்ந்து, வேளா வேளைக்குச் சாப்பாடு கேட்ட நாய்க்குட்டிக்கு நீ வைத்த பெயர் அது. பதின்மூன்று வயதில் இப்போது அந்த நாற்காலியில் அதனால் ஏற முடியவில்லை. இடுப்பு மூட்டுத் தேய்மானம் நீ வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும்போதே இருந்ததுதான். ஆனால் இரண்டு மாதமாகப் பின்னங்கால்கள் எழவே மறுக்கின்றன. ‘கொஞ்சம் சோம்பல்’ என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அதுவும் திருத்தத்திற்குரியது.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றேன். “மாத்திரை வலிக்குத்தான் சார். காலுக்கு நிக்கறதுதான் மருந்து. காலையில மூணு நிமிஷம், சாயந்திரம் மூணு நிமிஷம், எப்படியாவது நிக்க வைங்க” என்றார். பிஸ்கட் காட்டினேன், படுத்தபடியே வாயைத் திறந்தது. தூக்கி நிறுத்தினேன், கையை எடுத்ததும் ஈரத்துணிபோல் சரிந்தது. அதட்டினேன். நான் சொல்லி அது எந்தக் காலத்தில் கேட்டது?

ஒரு மாலை, நீ அனுப்பியிருந்த குரல் பதிவைச் சத்தமாக ஒலிக்கவிட்டேன். பிரிட்ஜ் கதவின் ரப்பரை இன்னும் மாற்றவில்லையா என்று நீ திட்டிய பதிவு. “எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?” என்ற இடத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்றது. நான்கு கால்களில், யார் துணையும் இன்றி.

அன்றிலிருந்து உன் குரலை மருந்தாகக் கொடுத்தேன். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், கைக்கடிகாரத்தைப் பார்த்து, மூன்று நிமிடம். சுமையைப் படிப்படியாகக் கூட்டிச் சோதிப்பது என் தொழில் அல்லவா? பத்து நாளில் நான்கு நிமிடமாக்கினேன். ரப்பரை மட்டும் மாற்றவில்லை. மாற்றிவிட்டால் நீ திட்டமாட்டாய்.

நான் கால்களை மட்டுமே கவனத்தில் கொண்டேன். தவறு அங்கேதான். ஒரு சனிக்கிழமை, பதிவு முடிந்ததும் தேநீர் போடச் சென்றேன். திரும்பி வந்தபோது கூடத்தில் அதைக் காணவில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டே வாசற்கதவு வரை போயிருந்தது. விரல்களின் மேல்தோல் தேய்ந்து, தரை நெடுக இரண்டு கோடுகளாக ரத்தம். கதவிடுக்கில் மூக்கை வைத்துக் கிடந்தது. நான் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டபோதும் என் பக்கம் திரும்பவில்லை. அத்தனை நாளும் அது உன்னைத் தேடித்தான் எழுந்திருக்கிறது.

பதிவுகளை நிறுத்தினேன். அழைப்பொலியையும் நிறுத்தினேன். மறுநாள் நீ அழைத்தபோது குளியலறைக்குள் சென்று, குழாயைத் திறந்துவிட்டு, தணிந்த குரலில் பேசினேன். ‘என்ன அங்க மழையா?’ என்று கேட்டாயே, அது அந்தக் குழாய். வெளியே வந்தால், கட்டு அவிழ்ந்த காலோடு குளியலறை வாசலில் கிடக்கிறது. புதுக் கட்டுப் போட உதவிய கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம், இதற்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “என்ன சார் நீங்க! அம்மாகிட்ட பேசறப்போ உங்க குரலே வேற. மாடிப்படியில போற எனக்கே தெரியுது, அதுக்குத் தெரியாதா?” என்று சிரித்தார். எனக்கு இது புதிய தகவல். அதன் பிறகுதான் உன் அழைப்புகளை எடுக்காமல் விட்டேன்.

அலுவலகத்திலிருந்து பேசியிருக்கலாமே என்பாய். நீ முதலில் கேட்பது ‘மாப்பிள்ளை எப்படி இருக்கான்?’ என்றுதான். ‘சோம்பல்’ என்று இனியும் வாயால் பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொன்னால் நீ பெட்டியைக் கட்டிவிடுவாய்.

என் முதுகு அறுவைச் சிகிச்சைக்காக ஒருமுறை, என் அப்பா படுக்கையில் விழுந்தபோது ஒருமுறை என்று இருமுறை நீ வேலையை விட்டாய். இந்த ஆய்வுக்கூடப் பொறுப்பும் அப்படிக் கைநழுவக் கூடாது என்றுதான், ஒப்பந்தக் காலம் முடியும்வரை நீ இடையில் வரக் கூடாது, நான் வா என்று அழைக்கக் கூடாது என நானே எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். “வீட்டுக்குள்ளயும் சர்டிபிகேட்டா?” என்று நீ கேலி செய்தாய்.

உன் ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் மீதி. படுத்தே கிடக்கும் இந்த வயதில் மாப்பிள்ளைக்கு ஆயுள் மூன்று மாதம்தான் என்கிறார் மருத்துவர். இதை உன்னிடம் மறைக்கும் உரிமை எனக்கில்லை. ஆகவே அந்த நிபந்தனையை உன் வரையில் இன்றோடு நீக்குகிறேன். என் வரையில் அது நீடிக்கிறது. வா என்று நான் எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. எடுத்த பொறுப்பில் உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

தையல்காரம்மா பழைய ஜீன்ஸ் துணியில் இடுப்புப் பட்டை ஒன்று தைத்துத் தந்திருக்கிறார், மேலே கைப்பிடியோடு. பிடித்துத் தூக்கினால் பின்பாரம் முழுவதும் என் கைக்கு வந்துவிடுகிறது. இக்கடிதம் உனக்குக் கிடைக்கும் நாளில், இங்கே மாலை ஆறு மணியாகும்போது அழை. மணி உரக்கவே அடிக்கட்டும். நான் பட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மாப்பிள்ளையிடம் பேசு, எழுந்துவிடும். எந்தக் கதவு வரை போக நினைத்தாலும் கால் தரையில் உரசாமல் கூடவே நடப்பேன். பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதே. அது படுத்துக்கொண்ட பிறகும் நான் கைப்பேசியோடு அங்கேயே நிற்பேன்.

மாப்பிள்ளையின் சார்பிலும் என் சார்பிலும்,
உன் கணவன்