லயத்துக்குக் கீழே இருந்த தண்ணீர்

அன்பு மச்சான்,

இன்று காலை நம் பதுளை அலுவலகத்துக்கு ஒரு செய்மதிப் படம் வந்தது. பசறைப் பக்கத்து மலைகள். பச்சை செழித்த இடமெல்லாம் அதில் சிவப்பாகத் தெரிகிறது. நாம் கிணற்றுக்கு இடம் குறித்த அந்தத் தேயிலைத் தோட்டத்துச் சரிவிலும் ஓர் அடர்சிவப்புக் கோடு ஓடுகிறது, அடியில் ஈரம் இருப்பதன் அடையாளம். புதிய அதிகாரி அதைப் பார்க்கக்கூட இல்லை. "அந்தப் பக்கம் தண்ணி இல்ல. பழைய அறிக்கையில இருக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ போய்விட்டாய், அந்தப் பொய் மட்டும் சாகவில்லை.

எழுபதுகளில் நீ நிலவியலாளன், நான் படவரைஞன். விமானத்திலிருந்து எடுத்த படங்களை இரண்டிரண்டாக வைத்து, இரட்டைக் கண்ணாடிக்குள் குனிந்து பார்ப்பாய். மலை எழுந்து நிற்கும். பாறை, ஓடை, சரிவு என்று நீ சொல்லச் சொல்ல, தனித்தனி மெல்லிய தாள்களில் வரைந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பேன். அப்படித்தான் அந்தத் தோட்டத்தில் இரண்டு பாறை வெடிப்புகள் சந்தித்துத் தண்ணீர் சேரும் இடம் தெரிந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குச் சற்றுக் கீழே.

போய்ப் பார்த்தோம். லயம் முழுக்க வயிற்றுப்போக்கு. ஓடைத் தண்ணீரைக் குடித்தார்கள். அதற்கு மேலே தோட்டத்து மாட்டுத் தொழுவம். பிள்ளையைப் பறிகொடுத்திருந்த முனியம்மா உன்னிடம் கேட்டாள்: "ஆகாயத்துலருந்து பாத்தா தண்ணியெல்லாம் தெரியுதுங்கிறீங்க. நாங்க தெரியலீங்களா?"

துளையிடும் இயந்திரம் வந்ததும் தோட்டத்தை நடத்திய துரை அதைத் தன் பங்களாவுக்குத் திருப்பினார். நம் மேலதிகாரி தலையாட்டினார். "கெணத்தத் தள்ளலாம் சேர், வெடிப்பத் தள்ள ஏலுமா?" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினாய். பங்களாவில் துளைத்ததில் வெறும் பாறைத் தூள்தான் வந்தது. 'இப்பகுதியில் நிலத்தடி நீர் இல்லை' என்று அறிக்கை எழுதினார்கள். துளையிட்டது பங்களா வாசலில் என்பதை எழுதவில்லை. நீ கையெழுத்துப் போட மறுத்தாய்.

உன் லீவெல்லாம் அந்த லயத்தில் கழிந்தது. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்களோடு, நாம் குறித்த இடத்தில் நீயும் மண்வெட்டி பிடித்தாய். ஞாயிறுகளில் நானும் வந்தேன். கடைசியில் வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிந்து, பிறகு பெருகி, முழங்கால் வரை நின்றது. முனியம்மா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். உனக்குக் கிடைத்தது மொனராகலைக்கு மாற்றம். அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் நுழைந்தாயாம்!

கிணறு இன்றும் ஊறுகிறது. அறிக்கையைத் திருத்தத்தான் ஒருவருக்கும் மனமில்லை. அதே வெடிப்பு ஓடும் பக்கத்துத் தோட்டங்களையும் அந்த ஒரு வரியைக் காட்டி இப்போதைய கிணற்றுத் திட்டத்திலிருந்து நீக்குகிறார்கள். 'நீரில்லாப் பகுதி' என்று சாம்பல் நிறம் பூசச் சொல்லி அதிகாரி வரைபடத்தை என்னிடம் நீட்டினார்.

"முடியாதுங்க. நாளைக்கு என்னோட பசறை பஸ்ஸில வாங்க. அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு வந்து, உங்க கையாலேயே பூசுங்க."

அவர் முகம் கறுத்தது. வரைபடத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கும் மாற்றம் வரலாம், வரட்டும். நீ விட்டுப்போன கோபம் என்னிடம்தான் இருக்கிறது மச்சான். அதை ஆறவிட மாட்டேன்.