மதியம் ஒரு மணிக்கு ஒரு குரல்

நம் பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாமல் இருக்கிறாயா?

எனக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி. பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கடையில் டியூப்லைட் அடியில் துணியின் நிறம் பார்ப்பது, டீயிலேயே வயிற்றை நிரப்புவது, சாயங்காலம் மண்டை பிளந்தால் மாத்திரை போடுவது என்று இருந்தேன். போன வாரம் கருநீலத்தைக் கறுப்பு என்று வெட்டிக் கொடுத்துவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. வாங்கியவர் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே மருந்துக் கடைக்காரர் மாத்திரை தர மறுத்துவிட்டார். "அண்ணே, தினம் வர்ற ஆளை விடுறது எனக்குத்தான் நஷ்டம். ஆனா இப்படி முழுங்கினா மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தண்ணி குடிங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, கண்ணுக்கு ஓய்வு கொடுங்க. அப்பவும் விடலைன்னா டாக்டரைப் பாருங்க" என்றார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறவன் பொய் சொல்ல மாட்டான். அதனால் கேட்டுக்கொண்டேன்.

இப்போது தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மணிக்கொரு தடவை வாசலுக்குப் போய்த் தெருக்கோடியைப் பார்க்கிறேன். வலி பாதி குறைந்திருக்கிறது. சாப்பாட்டு நேரம்தான் தவறுகிறது. அங்கே வீட்டில் நீ இரண்டு குரல் கொடுத்தால் எழுந்து வருவேன். இங்கே அலாரம் வைத்தேன். அதை அணைத்துவிட்டு அடுத்த துணியைப் பிரிக்கிறேன்.

அதனால் தினம் மதியம் ஒரு மணிக்கு போன் செய். வேறெதுவும் பேச வேண்டாம். "சாப்பிட வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வை. எழுந்துவிடுவேன்.

துணி பார்க்க ஆள் வந்துவிட்டார். முழங்காலுக்குத் தைலம் தடவு.

உன் வீட்டுக்காரன்